மலைக்கு முன்னால் 700 கிலோமீட்டர்: வாசகர் கேள்வி-பதில்

கே: பொங்கல் விடுமுறையில் கேரளப் பக்கமாக அகத்தியர்கூடம் (நம் பொதிகை மலை உச்சி) ஏற அனுமதி கிடைத்தது. கூட வருவதாகச் சொன்ன நண்பன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டான், நான் மட்டும் காரில் கிளம்பினேன். காலை 8 மணிக்குத் தாம்பரத்தில் புறப்பட்டு பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டவே 11 ஆகிவிட்டது. பெரம்பலூர் பக்கம் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. செங்கோட்டைக்கு அப்புறம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், நடுவே லாரிகள். மலைக்குக் கீழே கேரளத்து ஊரான விதுராவில் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டி 3 மணி. ஐந்தரைக்கு எழுந்து, நடை தொடங்குகிற போனக்காடு போய், அதிருமலை முகாம் வரை எப்படியோ நடந்துவிட்டேன். மறுநாள் உச்சிக்குக் கிளம்பி, உச்சிக்குக் கீழே பொங்கலப்பாறை வரும்போதே தொடை பிடித்துக்கொண்டது, தலையும் சுற்றியது, திரும்பிவிட்டேன். அடுத்த முறை வழியில் எந்த இடத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்?
(வாசகர், தாம்பரம்)

ப: எந்த இடத்திலும் பிடிக்க முடியாது. பொங்கல் வாரத்தில் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை வண்டி ஊரும் என்பது சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், அதைத் தாமதம் என்று சொல்வதே தப்பு, அது பயண நேரத்தில் ஒரு பகுதி. செங்கோட்டை வழியும் அப்படித்தான். மகரவிளக்கு ஜனவரி 14-ஐ ஒட்டி வரும், அதற்குப் பின் சில நாள் கழித்துத்தான் சபரிமலை நடை சாத்துவார்கள், அதுவரை ஆரியங்காவு, தென்மலை சாலையில் மாலை போட்டவர்களின் வேன்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பஞ்சர் ஒன்றுதான் எதிர்பாராதது, அதிலும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முந்தின நாளே பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கலாம். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஒட்டுகிற கிட் ஒன்றும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகுகிற சின்னக் காற்றடிப்பானும் டிக்கியில் கிடக்கட்டும். தனியாகப் போகிறவருக்கு இது ஆடம்பரம் இல்லை, கடைக்காரரைக் கூட்டிவர ஆள் அனுப்ப முடியாதே.

உங்கள் கணக்கு எங்கே உதைத்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து மதுரை சுமார் 440 கிலோமீட்டர், நான்கு வழிச்சாலை, சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரத்தில் போய்விடலாம். மதுரையிலிருந்து விதுரா ஏறத்தாழ 250 தான், ஆனால் அதற்கும் ஏழு மணி நேரம் வைக்க வேண்டும். திருமங்கலத்தில் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்கு ஊர் வேகம் குறையும், புளியரைக்கு மேல் மலை வளைவு, தென்மலையில் பிரிந்து குளத்துப்புழா, மடத்தறை, பாலோடு வழியாகக் குறுகலான கேரளச் சாலை. மொத்தத் தூரத்தையும் 70-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு ‘ராத்திரி 7 மணிக்குப் போய்விடலாம்’ என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பின்பாதியில்தான் மாட்டுகிறார்கள்.

சரி, ஏழெட்டு மணி நேரம் போனது. அதை எதிலிருந்து கழித்தீர்கள்? தூக்கத்திலிருந்து. அங்கேதான் உங்கள் உச்சி போயிற்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு விட்டிருக்கிற எல்லையே 0.03 தான். ஒரு சொட்டும் குடிக்காமல் அந்த நிலையில்தான் இரவு குளத்துப்புழா காட்டு வளைவுகளில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். இன்னொன்று, தண்ணீர். தனியாக ஓட்டுகிறவர்கள் அடிக்கடி நிறுத்த வேண்டுமே என்று குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தொடைப் பிடிப்புக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது. ஆனால் பகல் முழுக்க மடங்கிக் கிடந்த இடுப்பு, காய்ந்த உடம்பு, இரண்டரை மணி நேரத் தூக்கம், இவற்றோடு ஏறுகிறவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பொங்கலப்பாறையில் திரும்பினீர்களே, அது சரியான முடிவு. அதற்கு மேலே பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறுகிற இடங்கள் இருக்கின்றன, தலைசுற்றலோடு போகிற இடமில்லை அது.

அடுத்த முறை இரண்டு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். முதல் நாள் தென்காசியோ குற்றாலமோ, அதோடு நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலை நிதானமாகக் கிளம்பினால் விதுராவுக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான், மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். சாயங்காலம் ஊருக்குள் ஒரு மணி நேரம் நடங்கள், எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அவ்வளவு விடுப்பு இல்லை என்றால் காரை விட்டுவிட்டு எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் பிடியுங்கள், காலையில் தென்காசி வந்துவிடும். கொல்லம் ரயிலும் செங்கோட்டை, தென்மலை வழியாகத்தான் போகிறது, 1904-இல் போட்ட மலைப்பாதை அது, தென்மலைக்குப் பக்கத்தில் 13 கண் பாலத்தை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். பொங்கல் டிக்கெட் எவ்வளவு நேரம் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: தூக்கம் வந்தால் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து, பாட்டைச் சத்தமாக வைத்தால் போதாதா? நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.
(வாசகர், ஈரோடு)

ப: சில நிமிடம் முழிப்பு வரும், பிறகு அந்தச் சத்தத்திலேயே கண் சொக்கும். பின்னிரவு 2 முதல் 5 மணியும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் 2 முதல் 4-ம் உடம்பு தானாகவே தொய்கிற நேரங்கள். வெளிச்சமான, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்காகப் பார்த்து நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் எடுக்கும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்ததும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். ஆனால் இதை வைத்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஓட்டலாம், ஒரு ராத்திரியையே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கே: அனுமதிக்குப் பணம் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று. வழியில் ரொம்பத் தாமதமாகிவிட்டது. எந்தக் கட்டத்தில் ‘போதும், மலை வேண்டாம்’ என்று முடிவெடுப்பது?
(வாசகர், வேலூர்)

ப: வண்டியில் உட்கார்ந்து யோசித்தால் அந்த முடிவு வரவே வராது, ‘இன்னும் 80 கிலோமீட்டர்தானே’ என்றுதான் மனசு சொல்லும். அதனால் வீட்டில் இருக்கும்போதே இரண்டு கெடு நேரங்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். என் கணக்கு இது: மலை ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு ராஜபாளையத்தைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே அறை எடுத்துத் தூங்குவது. இரவு 10 மணிக்கு விதுராவில் படுக்கையில் இல்லை என்றால் மறுநாள் மலை இல்லை.

போனக்காடு வனத்துறைச் சாவடியில் காலையிலேயே சீட்டைச் சரிபார்த்து, குழுக்குழுவாக வழிகாட்டியோடு அனுப்பிவிடுவார்கள். மதியம் போய் நின்று கெஞ்சுகிற வேலை நடக்காது. அனுமதி அந்தத் தேதிக்கு மட்டும்தான், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம், பணமும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கும்தான். ஆனால் ராஜபாளையத்தில் தூங்கி எழுந்தவருக்குக் குற்றாலம் இருக்கிறது, தென்மலை இருக்கிறது, விடுப்பு ஒன்றும் வீணாகாது.

கே: அந்தப் பக்கம் போகிறவர்கள் செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிடாமல் போகலாமா?
(வாசகர், விருதுநகர்)

ப: உங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுக்கொடுத்துக் கேட்கிறீர்கள், பெரிய மனசு. திரும்பி வரும்போது சாப்பிடலாம். போகும்போது சோறு, ரசம், மோர். மறுநாள் காலை காட்டில் கழிப்பறை கிடையாது.

கே: நான் பெண், வயது 34, தனியாக ஓட்டிப் பழக்கம் உண்டு. அகத்தியர்கூடத்துக்குப் பெண்களை விடமாட்டார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
(வாசகி, திருச்சி)

ப: அது பழைய கதை. 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதன்பின் 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சி வரை ஏறினார், அப்போது அவர் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர். அதிலிருந்து பெண்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மலைக்குள் நீங்கள் தனியாக இருக்கப் போவதில்லை, குழுவோடும் வழிகாட்டியோடும்தான் விடுவார்கள். தனி என்பது சாலையில் மட்டும்தான்.

சாலையைப் பொறுத்தவரை, இருட்டுவதற்குள் அறை. இதை ஆண்களுக்கும்தான் சொல்கிறேன், கேட்க மாட்டார்கள். தென்மலைக்கு அப்புறம் சில இடங்களில் போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வழி வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனக்காடு தாண்டினால் சிக்னலை மறந்துவிடலாம், எந்த நாள் கீழே இறங்கிக் கூப்பிடுவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே அம்மா போலீசுக்குப் போய்விடுவார். விதுராவிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், அங்கிருந்து மேலே தேயிலைத் தோட்டச் சாலை, குறுகல், குண்டும் குழியும். மருத்துவச் சான்று கேட்கிறார்கள், கிளம்புவதற்கு முந்தின வாரம் வாங்கினால் சரியாக இருக்கும். பிளாஸ்டிக்குக்கும் பூஜைப் பொருட்களுக்கும் அனுமதி இல்லை, அம்மா கொடுத்தனுப்பும் கற்பூரத்தைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.

கே: பொதிகை மலை நம்முடையது, தாமிரபரணி பிறக்கிற இடம். திருநெல்வேலிக்காரன் நான் எதற்குக் கேரளாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? பாபநாசத்திலிருந்து ஏற முடியாதா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

ப: ஏறிக்கொண்டிருந்தார்கள், உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் காரையாறு, பாணதீர்த்தம் என்று வழி சொல்லுவார்கள். இப்போது அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் தமிழ்நாட்டில் முதலாவதாக அறிவித்தது. அந்தப் பக்கமாக உச்சிக்கு யாத்திரை கிடையாது, யாராவது ‘ஆள் பிடித்துக் கூட்டிப்போகிறேன்’ என்று சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், பிடிபட்டால் வழக்கு. எனக்கும் ஆதங்கம் உண்டு, 1,868 மீட்டர் உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது, நம்மூர்க்காரர் அதைப் பார்க்க வேறு மாநிலத்தில் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தக் காட்டை மூடி வைத்திருப்பதால்தான் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் வருகிறது, உங்கள் ஊர் நெல் வயலுக்கு அது தேவை. தாம்பரத்து வாசகரோடு ஒப்பிட்டால் உங்களுக்கு யோகம்தான், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் விதுரா.

கே: இறங்கிய அன்றே ஊருக்குத் திரும்பி ஓட்டலாமா? மறுநாள் அலுவலகம்.
(வாசகர், கோவை)

ப: வேண்டாம். மூன்றாம் நாள் இறங்கி வந்து பாருங்கள், கிளட்சை மிதிக்கிற காலே நடுங்கும். இறக்கத்தில்தான் தொடைக்கு அதிக அடி, அன்றைக்குத் திடீர் பிரேக் போட உங்கள் காலை நம்ப முடியாது. நெடுமங்காட்டிலோ விதுராவிலோ ஒரு ராத்திரி தங்கி, சூடாகக் குளித்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் கிளம்புங்கள். அலுவலகத்தில் ஒரு நாள் சேர்த்தே விடுப்பு கேளுங்கள், திரும்பும் வழியிலும் பஞ்சர் ஆகும்.