சூப்பர் ஹீரோ குழுவை வரையும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் உங்கள் மகளின் நோட்டுப் பக்கங்களின் நகல்களும் கிடைத்தன. பிளஸ் ஒன் வணிகவியல் பிரிவில் படிக்கும் மகள், பாடப் புத்தகத்தைவிட அனிமேஷன் சூப்பர் ஹீரோ படங்களோடுதான் அதிக நேரம் இருக்கிறார். அதையே தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொல்கிறார். புதுச்சேரியில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஓராண்டு அனிமேஷன் சான்றிதழ் வகுப்புக்கு முன்பணம் கேட்கிறது. கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த வகுப்பு மென்பொருளைக் கற்றுத் தரும். ஆனால், உங்கள் மகளை இழுப்பது கதை கட்டும் வேலையா, உருவம் வரையும் வேலையா, கணினியில் அதை அசைய வைக்கும் வேலையா என்பது தெரியாமல் எந்த வகுப்பிலும் சேர்ப்பது சரியாகாது. அதைத் தெரிந்துகொள்ள அவர் வரைந்து வைத்திருக்கும் ஐவர் குழுவே போதும்.

குழுவாக வரும் சூப்பர் ஹீரோக்களின் கதைக்கு என்று சில மரபுகள் உண்டு. முதலாவது, ஒருவருடைய சக்தி அவருடைய குணத்திலிருந்தும் வீட்டில் அவருக்குள்ள இடத்திலிருந்தும் பிறக்க வேண்டும் என்பது. பிராட் பேர்ட் எழுதி இயக்கி 2004இல் வெளிவந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' இதற்குத் தெளிவான சான்று. பாரம் சுமக்கும் தந்தைக்கு உடல் வலிமை. ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கை நீட்ட வேண்டிய தாய்க்கு ரப்பர் போல நீளும் உடல். யார் கண்ணிலும் படாமல் இருக்க விரும்பும் பருவ வயதுப் பெண்ணுக்கு மறையும் ஆற்றல். ஓரிடத்தில் நிற்காத சிறுவனுக்கு வேகம். என்னவாக வளரும் என்று எவருக்கும் தெரியாத கைக்குழந்தைக்கு இன்னதென்று சொல்ல முடியாத பல சக்திகள். இவற்றை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்தால் கதையே நின்றுவிடும்.

உங்கள் மகளின் நோட்டில் நெருப்பு, பனி, மின்னல் போன்ற சக்திகளை நான்கு பேருக்குப் பங்கிட்டிருக்கிறார். உடைகளை மிக அழகாக வரைந்திருக்கிறார். ஆனால் நெருப்பைப் பனிக்காரருக்குக் கொடுத்தாலும் எதுவும் மாறாது. ஐந்தாவது பெண் மட்டும் வேறு மாதிரி. எவ்வளவு தொலைவில் பேசினாலும் அவளுக்குக் கேட்கும். அதனால் அடுத்த அறையில் பெற்றோர் தன்னைப் பற்றிக் கவலையோடு பேசுவதும் கேட்டுவிடும். இரவில் தூங்க முடியாமல் மாடியில் போய் உட்கார்ந்திருப்பாள். இந்த ஒரு பக்கத்தை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற நான்கும் பார்த்த படங்களிலிருந்து வந்தவை. இது வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

இரண்டாவது மரபு, மறைந்து வாழ்வது. இதை வெளிநாட்டுச் சங்கதி என்று நீங்கள் நினைக்கக்கூடும். கடலூர் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்கு தெரிந்த கட்டம்தான். அஞ்ஞாத வாசத்தில் பீமன் சமையற்காரனாகவும், அருச்சுனன் பிருகன்னளை என்ற நாட்டிய ஆசானாகவும், நகுலன் குதிரைகளையும் சகாதேவன் மாடுகளையும் பார்த்துக்கொள்பவர்களாகவும் விராடன் அரண்மனையில் ஒளிந்திருக்கிறார்கள். கீசகன் திரௌபதியை அவமதிக்கும்போது பீமன் வலிமையை அடக்கிக்கொண்டால் அநீதி. வெளிக்காட்டினால் வேஷம் கலையும். சக்தியைப் பயன்படுத்துவதே ஆபத்தாகிவிடும் இந்த இக்கட்டுதான் அனிமேஷன் சூப்பர் ஹீரோ கதைகளுக்கும் உயிர். மேலே சொன்ன படத்தில், காப்பீட்டு நிறுவனத்தில் சிறிய மேசைக்குப் பின்னால் அடங்கி உட்கார்ந்திருக்கும் தந்தை ஒருநாள் பொறுமையிழந்து மேலதிகாரியைச் சுவர்கள் உடைந்துபோகத் தூக்கி எறிய, வேலை போகிறது. உங்கள் மகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். பார்த்திருந்தால் அவர் பார்வையாளராக மட்டும் இல்லை. இல்லையென்றாலும் குறையில்லை, அடுத்த திருவிழாவுக்கு நோட்டோடு அனுப்பி வையுங்கள்.

குழு சேரும் விதமும் மரபுக்கு உட்பட்டதே. முதல் சண்டையில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மோதித் தோற்பார்கள். நடுவில் மனக்கசப்பு வந்து பிரிவார்கள். இறுதியில் ஒருவர் சக்தி மற்றவர் சக்தியோடு சேரும்போதுதான் வெல்வார்கள். எதிராளி கதாநாயகனின் நிழலாக இருப்பதும் வழக்கம். 2014இல் வந்த 'பிக் ஹீரோ 6' படத்தில் அண்ணனைத் தீ விபத்தில் இழந்த சிறுவனும், மகளை இழந்ததாக நம்பும் எதிராளியும் ஒரே துக்கத்தைச் சுமக்கிறார்கள். ஒருவன் பழிவாங்குவதை நிறுத்திக்கொள்கிறான், மற்றவர் நிறுத்துவதில்லை. அந்தக் குழுவினரில் பெரும்பாலோரின் சக்திகள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவர்களே செய்து பார்த்த ஆராய்ச்சிகளிலிருந்து வருகின்றன.

இனி அனிமேஷனுக்கே உரிய கதைமொழி. 2018இல் வெளிவந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில், காட்டுக்குள் ஓடும் காட்சியில், அனுபவசாலியான ஸ்பைடர்-மேனின் அசைவு நொடிக்கு 24 படங்களாகவும், இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் சிறுவனின் அசைவு பெரும்பாலும் 12 படங்களாகவும் அமைக்கப்பட்டன. படங்கள் குறைவதால் அசைவு விட்டுவிட்டுத் தெரிய, அவன் தடுமாறுவது வசனம் இல்லாமலே புரிகிறது. இதைப் படித்துக் காட்டும்போது உங்கள் மகள் கதை எப்படிப் போகும் என்று கேட்கிறாரா, அல்லது எந்த மென்பொருளில் செய்தார்கள் என்று கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் நல்லதுதான். ஆனால் இரண்டுக்கும் படிப்பு வேறு.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டு ஸ்டூடியோக்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்களுக்குக் கணினியில் உருவம் அமைப்பது (மாடலிங்), அதை அசைக்க எலும்புக்கூடு பொருத்துவது (ரிக்கிங்), ஒளி அமைப்பது (லைட்டிங்), தனித்தனிப் படலங்களை ஒரே காட்சியாக இணைப்பது (கம்பாசிட்டிங்) போன்றவை. கதையும், அதைக் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை ஆகிய ஊர்களில் வேலை உண்டென்றாலும் அது நிலையற்றது. படங்களுக்குக் கணினிக் காட்சிகள் செய்து தந்த டெக்னிகலர் குழுமம் 2025 தொடக்கத்தில் முடங்கியபோது அதன் இந்தியக் கிளைகளில் பணியாற்றியவர்களும் வேலையிழந்தார்கள். ஒரே ஒரு மென்பொருளை மட்டும் கற்றவருக்கு இத்தகைய காலம் மிகவும் கடினம். வரையவும், காட்சியாகக் கதை சொல்லவும் தெரிந்தவருக்கு விளம்பரம், விளையாட்டுச் செயலிகள், சிறுவர் நூல்கள், பாடக் காணொளிகள் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. ஆகவே ஓராண்டுச் சான்றிதழைவிட நான்காண்டுப் பட்டத்தையே நான் பரிந்துரைக்கிறேன்.

அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் ஃபிலிம் டிசைன் இளநிலைப் பட்டமாக இருக்கிறது. சுருக்கமாக என்.ஐ.டி. என்பார்கள், திருச்சி பொறியியல் நிறுவனத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம்; உங்கள் மகளின் வணிகவியல் தடையல்ல. சில ஐ.ஐ.டி.க்களில் உள்ள பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் உங்கள் குடும்பத்துக்கு இதுவே முதல் தெரிவாக இருக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம், சிற்பம் போன்ற காண்கலைப் பட்டம் படிக்கலாம்; ஓவிய அடித்தளத்துக்கு அது நல்ல இடம். ஆனால் அது புதுச்சேரி அரசின் நிறுவனம். பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்றாலும் கடலூர் வேறு மாநிலம் என்பதால், வெளிமாநிலத்தவருக்கு உள்ள இடங்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வடிவமைப்பு நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும். அதனால் அடுத்த கோடை விடுமுறையிலிருந்து தயாரானால்தான் அவசரமில்லாமல் முடியும். அதுவரை அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தூங்க முடியாத அந்தப் பெண்ணை வைத்து, வசனமே இல்லாமல், பென்சிலில் இருபது கட்டங்களுக்குள் ஒரு ஸ்டோரிபோர்டு வரையட்டும். மற்ற நால்வரில் ஒருவர் மட்டும் அதில் வரலாம். அவருடைய சக்தி அவருக்கு எப்படிச் சங்கடமாகிறது என்பதும் அதில் தெரிய வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு தொடங்கினால் போதும்.

அரையாண்டு விடுமுறையில் இருவரும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்பணம் கேட்ட பயிற்சி நிலையத்திடம், சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் ஷோரீல்களை, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் காணொளித் தொகுப்புகளைக் காட்டும்படியும், அதில் எந்தப் பகுதியை மாணவர் தாமே செய்தார் என்று எழுத்தில் தரும்படியும் கேட்டு, கிடைப்பதையும் கொண்டு வாருங்கள்.