பெரியப்பா எழுந்து கத்தினால் தலைவர் என்ன செய்வது?

நம் தென் ஆப்பிரிக்காவில், டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கோயில் கமிட்டிக்கு முதல் முறையாகத் தலைவராகியிருக்கிறார். போன வருடப் பொதுக்கூட்டத்தில் காவடிச் செலவுக் கணக்கை எடுத்ததுமே இரண்டு பக்கமும் எழுந்து கத்தி, கணக்கு நிறைவேறாமலே கூட்டம் கலைந்ததாம். அதிகம் கத்தியவர் இவருடைய சொந்தப் பெரியப்பா. "பார்லிமெண்டில் சபாநாயகர் எப்படிச் சமாளிக்கிறார்? அவரைப் போல நானும் ஆளை வெளியே அனுப்பலாமா?" என்று கேட்கிறார்.

வெளியே அனுப்புவது கடைசி வேலை அம்மா, அதை அப்புறம் பார்ப்போம். கேப் டவுனில் நம் பார்லிமெண்டின் 400 உறுப்பினர்கள் உள்ள தேசிய அவையை ஒரு ஆள் நடத்த முடிகிறதென்றால் அதற்கு முதல் காரணம், அங்கே யாரும் யாரோடும் நேராகப் பேசக்கூடாது என்பதுதான். எதைச் சொன்னாலும் சபாநாயகரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், எதிராளியையும் 'மாண்புமிகு உறுப்பினர்' என்றுதான் குறிப்பிட வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். "பணத்தை எங்கே போட்டாய்?" என்று பொருளாளர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அடுத்த நிமிடம் சண்டை. அதையே "பொருளாளர் ரசீதைக் காட்டும்படி தலைவர் கேட்க வேண்டும்" என்று உங்களிடம் சொன்னால், கேள்வி அதேதான், சூடு பாதி இறங்கிவிடும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல், மண்டபத்தில் பாதிப் பேர் மாமா, சித்தி, பெரியப்பா. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் முறை சொல்லிக் கூப்பிடாதீர்கள், எல்லோரும் 'உறுப்பினர்'தான். ஆனால் இதை முந்தின நாளே பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். மேடையில் திடீரென்று செய்தால் அவமானப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொள்வார், அது நியாயமும்கூட.

கூச்சல் எழுந்தால் நீங்களும் கத்த வேண்டாம். அவைக்குத் தலைமை வகிப்பவர் எழுந்து நின்றால் பேசிக்கொண்டிருப்பவர் உட்கார வேண்டும் என்பது பார்லிமெண்ட் விதி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து பேசாமல் நில்லுங்கள். மைக் ஒன்றே ஒன்று இருக்கட்டும், அது உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்'. நம் கூட்டங்களில் குறுக்கே பேச நினைப்பவர்களெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு எழுகிறார்கள். விதி மீறப்பட்டது என்று சுட்டுவதற்கு மட்டும்தான் அது. "எந்த விதி?" என்று கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் உட்காரச் சொல்லுங்கள். இருந்தால் உடனே தீர்ப்பு சொல்லுங்கள், அதன் மேல் விவாதம் கூடாது. குழப்பமாக இருந்தால், "குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தள்ளிவைக்கலாம், சபாநாயகர்களும் அப்படிச் செய்வது வழக்கம். ஆனால் மறக்காமல் திரும்ப வந்து சொல்ல வேண்டும்.

எந்தப் பேச்சைத் தடுப்பது என்பதில்தான் நிறையத் தலைவர்கள் தடுமாறுகிறார்கள். 2014-ல் எதிர்க்கட்சியான இ.எஃப்.எஃப்.-ன் தலைவர் ஜூலியஸ் மலேமா, 2012-ல் மாரிக்கானா சுரங்கப் பகுதியில் 34 தொழிலாளர்கள் போலீசாரால் சுடப்பட்டு இறந்ததை, அன்று ஆட்சியில் இருந்த ஏ.என்.சி. கட்சியின் அரசு செய்த படுகொலை என்று அவையில் சொன்னார். வாபஸ் வாங்கச் சொன்னார்கள், மறுத்தார், வெளியேற்றினார்கள். 2016-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவு தவறு என்றது. அரசின் மேல் வைக்கும் கடுமையான விமர்சனம் வேறு, ஒரு உறுப்பினரை அவமதிப்பது வேறு. ஆகவே "கமிட்டி பணத்தை வீணடித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், கசந்தாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். "இன்னார் திருடினார்" என்றால் உடனே வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். நிஜமாகவே குற்றச்சாட்டு இருந்தால் ஆதாரத்தோடு தனித் தீர்மானமாக எழுதித் தரட்டும், பார்லிமெண்டிலும் அதுதான் முறை. உங்கள் அணிக்காரர் சொன்னாலும் இதேதான், அங்கே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டால் உங்கள் பேச்சை அப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

சரி, வெளியேற்றுவது. 2015 பிப்ரவரி 12 அன்று ஜனாதிபதி உரையின்போது இ.எஃப்.எஃப். உறுப்பினர்களைப் பாதுகாப்பு ஆட்கள் இழுத்துக்கொண்டு போனது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் கழித்து அரசியலமைப்பு நீதிமன்றம், பார்லிமெண்டின் அதிகாரங்கள், சிறப்புரிமைகள் பற்றிய 2004-ம் வருடச் சட்டத்தை வைத்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய முடியாது, அது அவர்களுடைய பேச்சுரிமையைப் பறிப்பது என்றது. அதற்கும் முன்னால் பட்ரிசியா டி லில் என்ற உறுப்பினரை 15 நாள் இடைநீக்கம் செய்ததும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய அவைக்கே இந்தக் கதி என்றால், உங்கள் கமிட்டி விதிகளில் எழுதப்படாத ஒரு அதிகாரத்தை நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்சரியுங்கள், பெயர் சொல்லி எச்சரியுங்கள், அதுவும் பலிக்காவிட்டால் பதினைந்து நிமிடம் டீக்கு ஒத்திவையுங்கள். கை ஓங்கினால் அது வேறு விஷயம், அங்கே ஆட்களின் பாதுகாப்புதான் முதலில்.

ஓட்டு விஷயமும் ஒன்று. நம் அரசியல் சட்டப்படி தேசிய அவைக்குத் தலைமை வகிப்பவருக்குச் பொதுவாகச் சாதாரண ஓட்டு இல்லை, இரண்டு பக்கமும் சமமானால் போட்டே ஆக வேண்டும். நீங்களும் கணக்கைப் பற்றிப் பேச நினைத்தால் அந்த நேரத்துக்குத் துணைத் தலைவரை நாற்காலியில் உட்காரவையுங்கள்.

ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு தடவை, தலைவரைப் பார்த்து. இந்த மூன்றையும் கூட்டத்தின் முதல் வேலையாக வாசித்து, கை தூக்கவைத்து நிறைவேற்றிவிடுங்கள். கணக்கு விவாதத்தில் முதல் பேச்சாளராகப் பெரியப்பா பெயரையே எழுதுங்கள். அவர் கேட்க நினைப்பது ரசீதைத்தான் என்றால் அதற்கு மூன்று நிமிடம் போதும், பொருளாளரையும் ரசீதுக் கட்டோடு வரச் சொல்லுங்கள்.