கல்யாணத்துக்கு முன் கேட்கப்படும் ‘துண்டு’: எந்த டொக்டராலும் எழுத முடியாதது

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகளுக்கு 24 வயது. ஆவணியில் கல்யாணம். பத்து வயதில் சைக்கிள் பாரில் விழுந்து அந்த இடத்தில் இரத்தம் வந்தது. இப்போது மாப்பிள்ளையின் பெரியம்மா, ‘பிள்ளைய ஒருக்கா டொக்டரிட்டக் காட்டி ஒரு துண்டு எடுத்தாச் சரிதானே கா’ என்கிறார். அப்படித் துண்டு கொடுப்பார்களா? முதல் நாள் இரத்தம் வராவிட்டால் என்ன செய்வது? பழையபடி தைத்து விடலாம் என்றும் சொல்கிறார்கள், உண்மையா?”

அம்மா, மகள் ‘கன்னி’ என்று சான்று சொல்லும் அந்த டொக்டர் துண்டு கிடைக்காது. டொக்டர் கண்டிப்பானவர் என்பதால் அல்ல. உடம்பில் பார்த்து எழுதுவதற்கு அப்படி ஒன்று இல்லை.

கன்னித்திரை என்ற பெயரிலேயே பிழை தொடங்குகிறது. ‘திரை’ என்றதும் வாசலை மூடிக் கட்டிய துணி மனதில் வருகிறது. உள்ளது அதுவல்ல. யோனி வாயிலின் உட்பக்க ஓரத்தைச் சுற்றி இருக்கும் மெல்லிய சதை மடிப்பு அது. பாவாடைக் கரையில் சுருக்கு வைத்துத் தைத்த துணியைப் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் துவாரம் அநேகமாக எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கிறது, இல்லாவிட்டால் மாதவிடாய் எந்த வழியால் வரும்? சிலருக்கு வட்டமாக, சிலருக்குப் பிறை போல, சிலருக்கு நடுவே ஒரு நூல் ஓடுவது போல இருக்கும். சிலருக்கு இருப்பதே தெரியாது. சுவீடனில் இந்தப் பெயரின் தொல்லை தாங்காமல் 2009இல் ‘யோனி வளையம்’ என்ற பொருள் வரும் புதுச்சொல்லையே கொண்டுவந்தார்கள்.

வயதோடு இது மாறும் என்பது பலருக்குத் தெரியாது. சிறுபிள்ளையில் மெல்லியதாகவும் தொட்டால் நோவதாகவும் இருக்கும். சாமத்தியப்படும் காலத்தில் ஈஸ்திரஜன் ஹோர்மோன் கூட, தடித்து, மடிந்து, றப்பர் போல இழுபடத் தொடங்கும். ஆகவே வளர்ந்த பெண்ணில் அது கிழியத்தான் வேண்டும் என்றில்லை, விரிந்து கொடுத்து மீளலாம். சிறு கீறல் விழுந்தாலும் வாயின் உட்பக்கக் காயம் போலச் சில நாட்களில் ஆறிவிடும், பெரும்பாலும் தழும்பும் நிற்காது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் கர்ப்பமாக இருந்த 36 பதின்ம வயதுப் பெண்களைப் பரிசோதித்தார்கள். உறவு நடந்ததற்கு உறுதியான அடையாளம் கண்டது இருவரில் மட்டுமே. கர்ப்பிணியையே பார்த்துச் சொல்ல முடியாதபோது உங்கள் மகளைப் பார்த்து எதை எழுதுவது?

இனி அந்த சைக்கிள் விழுகை. ‘சைக்கிள் ஓடினால், நெட்போல் விளையாடினால் திரை கிழிந்துவிடும், அதனால்தான் சிலருக்கு இரத்தம் வருவதில்லை’ என்று படித்தவர்களும் ஆறுதல் சொல்வார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் கிழியக் காத்திருக்கும் திரை ஒன்று இருக்கிறது என்ற பழைய கதையை அதுவும் காப்பாற்றிக்கொண்டே போகிறது. பாரில் விழுந்தால் அடி படுவது பெரும்பாலும் வெளி இதழ்களிலும் அவற்றுக்கு மேலுள்ள பகுதியிலும்தான். கன்னித்திரை உள்ளே தள்ளி இருப்பதால் அதில் காயம் படுவது அரிது. உங்கள் மகளுக்கு வந்த இரத்தம் வெளிக்காயத்திலிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு, அது அன்றே ஆறிய விஷயம். இப்போது வேறொரு பிள்ளை அப்படி விழுந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். சிறுநீர் போகாவிட்டால், வீக்கம் கூடினால், இரத்தம் நிற்காவிட்டால் உடனே வைத்தியசாலை.

முதல் உறவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம். வந்தவர்களிலும் அது அவசரத்தாலும், ஈரமில்லாத உராய்வாலும், பயத்தில் இடுப்படித் தசைகள் இறுகியதாலும் வந்திருக்கலாம். மகளுக்கும், முடிந்தால் மருமகனுக்கும், சொல்ல வேண்டியது இதுதான்: முதல் நாளே எல்லாம் நடந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. களைத்துப்போன கல்யாண இரவை விட்டுவிடலாம். நொந்தால் நிறுத்த வேண்டும். பாமசியில் நீரில் கரையும் ஜெல் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை ஆணுறையோடு பாவிக்கக் கூடாது, எண்ணெய் பட்டால் ஆணுறையின் றப்பர் பலவீனப்பட்டுக் கிழியும். இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட் நனையும் அளவுக்கு இரத்தம் போனால் அதைக் ‘கன்னித்தன்மை’ என்று கொண்டாடக் கூடாது, அது காயம். தையல் தேவைப்படலாம். பல வாரமாகியும் முடியவில்லை, தசை தானாகவே இறுகுகிறது என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு, வைத்தியசாலையின் பெண் நோயியல் கிளினிக்கில் சொல்லலாம். முதல் தடவையில் கரு தங்காது என்பதும் பொய்.

‘தைப்பது’ பற்றி. ஓரங்களை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது. இரத்தம் வரும் என்று அதுவும் உத்தரவாதம் தராது. நோவும் கிருமித்தொற்றும் தழும்பும் வரலாம். பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் கன்னிமைப் பரிசோதனையையும் இந்தத் தையலையும் குற்றமாக்கிவிட்டது. இரத்தம் போலக் காட்ட இணையத்தில் விற்கும் சிவப்புத்தூள் குளிசைகளையும், ‘இறுக்கும்’ கிறீம்களையும், படிகாரத்தையும் கிட்டவே எடுக்காதீர்கள். படிகாரம் உட்தோலை உலர்த்திப் புண்ணாக்கும், புண்ணில் தொற்று எளிதில் ஏறும். யோனி தசையாலான, மடிப்புகள் நிறைந்த குழாய். உறவால் அது ‘தளர்ந்து’ போவதில்லை. விரியும், மீளும்.

கன்னிமைப் பரிசோதனையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் 2018இல் கூட்டாகக் கேட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் யோனிக்குள் விரல் விட்டுப் பார்க்கும் ‘இரண்டு விரல் சோதனை’யை 2013இலும் 2022இலும் கண்டித்தது. பாலியல் வன்முறைக்குப் பின் சட்ட வைத்திய அதிகாரி செய்யும் பரிசோதனை வேறு. அவர் காயங்களைப் பதிகிறார், மாதிரி எடுக்கிறார், சிகிச்சை தொடங்குகிறார். காயம் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அப்படி நேர்ந்தால் குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

உண்மையிலேயே டொக்டர் பார்க்க வேண்டிய கன்னித்திரை ஒன்று உண்டு. அது கேட்பவர்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது. மிகச் சிலருக்குப் பிறவியிலேயே துவாரம் இல்லாமல் முழுதாக மூடியிருக்கும். மார்பு வளர்ந்திருக்கும், 15 வயதாகியும் பெரியபிள்ளையாக மாட்டாள், ஆனால் மாதாமாதம் அடிவயிறு சில நாள் நோகும், சில வேளை சிறுநீர் கட்டும். வெளியே வர வழியில்லாமல் இரத்தம் யோனியிலும் கருப்பையிலும் தேங்குகிறது. ஸ்கேனில் தெரியும், சிறிய சத்திரசிகிச்சையோடு சரியாகும். ‘கன்னி போய்விடும்’ என்று தள்ளிப்போட்டால் கருப்பையும் குழாய்களும் பாதிக்கப்படலாம்.

கடைசியாக, பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதிக் கொடுப்பதும் பெண் வீட்டார், இப்போது துண்டும் அவர்களே கொடுக்க வேண்டுமாம். மகள் வயது வந்தவள், அவள் விருப்பமின்றி எந்த டொக்டரும் அவளைத் தொடக் கூடாது, அவள் அனுமதியின்றி எதையும் பிறருக்குச் சொல்லவும் கூடாது. இதை அப்படியே சொல்ல முடியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் எடுக்கத் தகுந்த துண்டு ஒன்று உண்டு: பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை. முழு இரத்தக் கணிப்பில் சிவப்பணுக்கள் வழக்கத்தை விடச் சிறியவையாகக் காட்டினால் அடுத்த சோதனை செய்வார்கள். இருவருமே காவிகளாக, அதாவது தங்களுக்கு நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் என்றால் அந்தப் பயம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரியுங்கள். “டொக்டர் துண்டு வேணுமெண்டால் எடுப்பம், தம்பியும் வரட்டும், ரெண்டு பேரிட இரத்தமும் பாப்பம்” என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.