"மறதி வந்தவர் பேச்சை எப்படி நம்புவது?": முதியோர் இல்லங்களில் நடக்கும் பாலியல் வன்கொடுமை பற்றிச் சில கேள்விகள்

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கேள்வி கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு 81 வயது, மறதிநோய். சில வாரங்களாகக் குளிப்பாட்டப் போனாலே கத்துகிறார். "ராத்திரி அவன் வர்றான்" என்கிறார். இல்லத்தில் கேட்டால் நோய் முற்றுகிறது என்கிறார்கள். யாரை நம்புவது?

அம்மாவை நம்பித் தொடங்குங்கள். மறதிநோயில் தேதி போகும், பெயர் போகும், நடந்ததன் வரிசை குழம்பும். பயம் அவ்வளவு எளிதாகப் போகாது. தப்பு செய்கிறவனுக்கும் இது தெரியும். யார் சொன்னால் ஊர் நம்பாதோ, அவரைத்தான் அவன் தேடிப் போவான்.

மறதிநோய் வந்தவர்கள் குளிக்க மறுப்பது சகஜம்தான், அதை மறைக்கவில்லை. அதனால் மாற்றம் எப்போது தொடங்கியது என்று பாருங்கள். எல்லோரிடமும் கத்துகிறாரா, ஒருவரிடம் மட்டுமா? எந்த ஷிப்டில்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, நாள் நேரம் போட்டு எழுதி வையுங்கள். "அவர் இங்கே தொட்டாரா?" என்று நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். "என்ன ஆச்சும்மா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, சொல்வதைக் கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் அவரும் நொந்துபோவார், வாக்குமூலமும் கெட்டுவிடும். விசாரிப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். காவல்துறையிடம் இன்றே சொல்லுங்கள், இல்லத்துக்கு வெளியே உள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களிடம் சந்தேகம் இருந்தால் போதும், நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை.

உடம்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

உள்தொடை, மார்பு, பிட்டம், மணிக்கட்டு ஆகிய இடங்களில் கன்றிப்போன தடங்கள். பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ ரத்தம், வலி. உட்காரவும் நடக்கவும் திடீரென்று சிரமம். கிழிந்த, கறைபட்ட உள்ளாடை. புதிதாக வந்த பாலியல் நோய்த்தொற்று.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிவிடும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்படி இடிபடுவது பெரும்பாலும் முன்கையும் முழங்காலும். உள்தொடை அவ்வளவு எளிதில் எதிலும் இடிபடாது. அங்கே தடம் இருந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும். சிறுநீர்த்தொற்று மட்டும் இருந்தால் அது சான்றாகாது, வயதானவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். இன்னொன்று: காயமே இல்லாமலும் வன்கொடுமை நடந்திருக்கலாம். "பரிசோதித்தோம், காயம் இல்லை" என்பதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று ராத்திரி நடந்திருக்கும் என்று சந்தேகம். காலையில் துடைத்து உடை மாற்றிவிட்டார்களாம். இனிப் பயன் உண்டா, அக்கா?

உண்டு தம்பி, அவரை அழைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பரிசோதனை முடியும்வரை குளிப்பாட்ட வேண்டாம், பல் துலக்கவும் வேண்டாம். மாற்றிய துணி, படுக்கை விரிப்பு, டயப்பர் எல்லாம் சலவைக்கோ குப்பைக்கோ போவதற்கு முன் கேட்டு நிறுத்துங்கள். காவல்துறை வர நேரமாகும் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் அழிந்துவிடும்.

உடலில் தடயம் எடுக்க 72 மணி நேரம் என்பது பழைய கணக்கு. பல இடங்களில் இப்போது 120 மணி நேரம் வரைகூட எடுக்கிறார்கள். ஆனால் எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தக் கெடு தாண்டிவிட்டாலும் போங்கள். மற்ற சிகிச்சைக்குக் கெடு கிடையாது.

ஆண்களுக்கும் நடக்குமா?

நடக்கும். வெட்கத்தில் இன்னும் அதிகமாக மறைப்பார்கள்.

செய்தவரும் அதே இல்லத்தில் இருக்கும் மறதிநோயாளி. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அவருக்குத் தண்டனை உண்டா என்பதைச் சட்டம் பார்க்கட்டும். பாதிக்கப்பட்டவருக்கு வலி ஒன்றுதான், அதனால் புகாரும் சிகிச்சையும் அப்படியே நடக்க வேண்டும். இரண்டு பேரையும் பிரிக்க வேண்டும். அப்போது அடைபட வேண்டியது பாதிக்கப்பட்டவர் அல்ல. மற்றவருக்குத்தான் கண்காணிப்பு தேவை.

வயதானவர்களுக்குள் வரும் அன்பையெல்லாம் குற்றமாகப் பார்க்கவும் கூடாது. மனம் ஒப்பி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. எதிரில் இருப்பவர் யார் என்று தெரிகிறதா, வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் அது மதிக்கப்படுகிறதா என்று பார்ப்பேன். தன் கணவர் என்று நினைத்து இன்னொருவரிடம் சம்மதித்தால் அது சம்மதம் ஆகாது.

நான் இல்லத்தில் உதவியாளர். கூட வேலை பார்ப்பவர் மேல் சந்தேகம். சொன்னால் வேலை போகுமோ என்று பயம்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் சொல்லுங்கள், இன்றைய ஷிப்ட் முடிவதற்குள். மேற்பார்வையாளரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாமல், காவல்துறைக்கோ இல்லங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கோ நேரடியாகப் போங்கள். பல நாடுகளில் பராமரிப்பாளர் புகார் தராமல் இருப்பதே சட்டப்படி குற்றம். அந்த ஆளிடம் நேரில் போய்க் கேட்டுவிடாதீர்கள், தடயத்தை அழிக்க அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

நிர்வாகம் "நாங்களே விசாரிக்கிறோம், வெளியே போக வேண்டாம்" என்கிறது.

அவர்கள் விசாரிக்கட்டும். நீங்கள் வெளியே போங்கள். அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: சந்தேகத்துக்குரியவரை இன்றிலிருந்தே முதியவர்கள் பக்கம் வராமல் நிறுத்தினீர்களா? சிசிடிவி பதிவை எடுத்து வைத்தீர்களா? பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால் இதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. பணிப் பட்டியலின் நகலும் கேளுங்கள்.

"இதெல்லாம் அபூர்வம்" என்பார்கள். பராமரிப்பு இல்லங்களில் கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் முதியவரைத் துன்புறுத்தியதாக ஊழியர்களில் மூன்றில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திட்டுவதும் கவனிக்காமல் விடுவதும் அதில் அடக்கம். பாலியல் வன்கொடுமை நடந்ததாகச் சொன்ன முதியவர்கள் 1.9 சதவீதம். வாய்விட்டுச் சொல்ல முடிந்தவர்களின் கணக்கு மட்டுமே அது.

அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். யார் தொட்டாலும் நடுங்குகிறார். என்ன செய்வது?

தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்லுங்கள்: "அம்மா, கையைத் துடைக்கப் போறேன், சரியா?" வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வரட்டும். குளிப்பாட்டுபவர் தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும், அது யார் என்று அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். துடைக்கும்போது உடம்பு முழுக்கத் திறந்திருக்க வேண்டாம், ஒரு துண்டால் மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். ராத்திரி விளக்கை அணைக்க வேண்டாம். நீங்கள் போகும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள்.