பதில்: 15ஆம் தேதி சம்பளம் வருமா?

சகோதரி, கணவர் அமெரிக்க ராணுவத்தில், கையில் நான்கு மாதக் குழந்தை, 15ஆம் தேதிச் சம்பளம் வராவிட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க அரசு முடங்கினாலும் அவர் பணிக்குப் போயே ஆகவேண்டும். சம்பளம் நிற்கலாம்; ஆனால் பறிபோகாது, முடக்கம் முடிந்ததும் நிலுவை வந்துவிடும். 2013இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றிச் சம்பளத்தைக் காத்தது. 2025 அக்டோபரில் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிதியை எடுத்துச் சம்பளம் கொடுத்தார்கள். 2019 ஜனவரி 15 அன்று கடலோரக் காவல்படையினருக்கோ சம்பளமே வரவில்லை. ஆகவே வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்றே அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வாடகையோ கார் தவணையோ 'அலாட்மென்ட்' ஆகச் சம்பளத்திலிருந்தே நேரே போகிறதா? அப்படியென்றால் சம்பளம் நின்றால் அதுவும் நிற்கும். நாங்கள் ஒருமுறை இதைக் கவனிக்காமல் தாமதக் கட்டணம் கட்டினோம். வீட்டு உரிமையாளருக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதி அவகாசம் கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

அடுத்து, ராணுவக் குடும்பங்களுக்கு உதவும் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் அமைப்பில் வட்டியில்லாக் கடன் கேட்கலாம். சம்பளம் விழும் வங்கியிலும் முன்பணம் உண்டா என்று விசாரியுங்கள். முகாம் வாசலில் இருக்கும் அவசரக் கடன் கடைகளுக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். ராணுவக் குடும்பங்களுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பே ஆண்டுக்கு 36 சதவீத வட்டி. கட்டாத கடன், ரகசியத் தகவல்களைக் கையாள அவருக்குள்ள பாதுகாப்பு அனுமதியையும் பாதிக்கக்கூடும்.

குழந்தையின் பால்மாவுக்கு, தாய்-சேய் உணவுக்கான அரசுத் திட்டமான 'விக்' (WIC) உதவி பெறுகிறீர்களா? அதைத் தெரிவித்தால் மேலும் எழுதுகிறேன்.