கம்பூன்றித் தாண்டுதலில் இன்னும் விறைப்பான கம்புக்கு எப்போது மாறலாம்?

கேள்வி கேட்டவர் எடை 58 கிலோ. கையில் 4 மீட்டர், 130 பவுண்டு கம்பு. (அந்த எண் கம்பின் எடை இல்லை, எத்தனை பவுண்டு எடை ஆளுக்கு அந்தக் கம்பு என்பதுதான்; எண் கூடினால் விறைப்பும் கூடும்.) கோச் 140-க்கு மாறச் சொல்கிறார், இவருக்குப் பயம். கேட்ட தம்பி காலேஜ் படிக்கிறார், சொந்தக் கம்பு கிடையாது, ஸ்டோர் ரூமில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். எங்கள் கடலூரில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோச் இல்லை. என் பெஸ்ட் 3.70 மீட்டர். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் நம் ரோசி மீனா 4.20 தாண்டினார், சிவா சுப்பிரமணியம் 5.31 தாண்டினார். அவர்கள் அளவுக்கு எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. 'இவன் யார் பாடம் எடுக்க' என்று கமெண்டில் வருகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் கதை பயத்தால் மாறாதவன் கதை அல்ல, பெருமையால் மாறாதவன் கதை. என்னிடம் இருந்ததும் 130 பவுண்டு கம்புதான், அதாவது சுமார் 59 கிலோ. அதை முதலில் பிடித்தபோது நான் 55 கிலோ. இரண்டு வருஷத்தில் 63 ஆகிவிட்டேன், ஓட்டமும் கூடியிருந்தது. அதனால் கம்பு அநியாயத்துக்கு வளைந்தது. பார்ப்பவர்களுக்கு அது அழகு. "வில்லு மாதிரி வளைக்கிறான்டா" என்பார்கள். புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் ஒரு போட்டியில் யாரோ எடுத்த படம் ஒரு பேப்பரில் வந்தது. கம்பு அரை வட்டமாக வளைந்திருக்கும், நான் தலைகீழாகப் போய்க்கொண்டிருப்பேன், மேலே தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி, அதாவது பார், ஆடாமல் இருக்கும். அம்மா அதை பிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார்.

சீனியர் அண்ணன் ஒருவர் 140 கம்பை நீட்டினார். எடுத்துப் பார்த்தேன், அவ்வளவாக வளையவில்லை. மரக்கட்டை மாதிரி இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் எனக்குப் பிடிக்காமல் போனது, அதில் நான் படத்தில் இருப்பது போல் தெரிய மாட்டேன் என்பதுதான்.

அந்தச் சீசன் முழுக்க 3.50-இலேயே நின்றேன். பாரைத் தாங்கும் ஸ்டாண்டை, கம்பு ஊன்றும் குழியான பாக்ஸின் பின்விளிம்பிலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டே போய் 80 சென்டிமீட்டரில் வைத்தேன். விதிப்படி அதற்கு மேல் தள்ள முடியாது. அப்படியும் கால் மேலே போவதற்குள் பார் வந்துவிடும், தொடை தட்டி விழும். மேட்டின், அதாவது விழுவதற்குப் போட்டிருக்கும் மெத்தையின், பின்விளிம்பில் போய் விழுவேன். ஒருமுறை பாதி முதுகு மேட்டுக்கு வெளியே, சிமெண்ட்டில். நீங்கள் பார்க்க வேண்டிய அறிகுறி இதுதான்: கம்பு நிமிர்வதற்கு முன்பே உங்களை உள்ளே தள்ளிவிட்டுப் போகிறதா, ஸ்டாண்டு 80-இல் இருந்தும் பாரை மோதுகிறீர்களா. ஆம் என்றால் கம்பு உங்களுக்கு சாஃப்ட். அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் தன் எடையைவிடக் குறைந்த எண் போட்ட கம்பை எடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. சர்வதேச விதியில் அப்படி ஒன்றும் கிடையாது. நமக்கும் யாரும் சொல்வதில்லை.

கம்பில் பவுண்டு எண்ணோடு பிளக்ஸ் நம்பர் என்றும் ஒன்று எழுதியிருக்கும். (பேனர் பிளக்ஸ் இல்லை.) இரண்டு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் 50 பவுண்டு தொங்கவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் தொய்கிறது என்று அளப்பார்கள். எண் குறைந்தால் விறைப்பு அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சாஃப்ட் கம்பை விறைப்பு என்று எடுத்துப்போன ஆளும் எங்களில் உண்டு. நான் இல்லை, சத்தியமாக.

அப்புறம் ரோஷம் வந்து நேராக 155-க்குத் தாவினேன். நல்ல வேகம், பழைய கிரிப் (கம்பில் கை பிடிக்கும் உயரம்), மத்தியான வேளை. எங்கள் ஓடுபாதை கிழக்கு பார்த்தது. காலையில் நிலக்காற்று முதுகில் தள்ளும், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று மூஞ்சியில் அடிக்கும். கம்பு பாதியில் நின்றது, நானும் நின்றேன், பிறகு வந்த வழியே திரும்பி பாக்ஸ் ஓரத்தில் விழுந்தேன். கணுக்கால் ஒன்றரை மாதம் கட்டு.

உங்கள் கோச் சொல்லும் 140 அப்படிப்பட்ட தாவல் இல்லை. நடுவில் 135 கிடைத்தால் இன்னும் நல்லது, ஐந்து ஐந்து பவுண்டாக ஏறுவதுதான் வழக்கம். கட்டு பிரித்த பிறகு நான் செய்தது: காலையில், சின்ன ரன்-அப்பில், கிரிப்பை ஒரு கைப்பிடி இறக்கி, பார் இல்லாமல் வெறும் மேட்டில் விழுந்து பழகினேன். மேட்டின் நடுவில் வசதியாக விழ ஆரம்பித்த பிறகுதான் கிரிப்பை ஏற்றினேன். கிரிப்பை இறக்கினால் அதே கம்பு இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும், ஆனால் நேராக நிமிர்த்துவது சுலபம். அதனால் கலங்க வேண்டாம். டேக்-ஆஃப் கால், அதாவது தரையை உதைத்து எழும்பும் கால், கம்பில் மேலே பிடித்த கைக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். காலை அதைவிட பாக்ஸ் பக்கமாக உள்ளே தள்ளி ஊன்றினால் சாஃப்ட் கம்பு மன்னித்துவிடும், விறைப்பான கம்பு மன்னிக்காது.

கம்பு கிடைப்பதே பெரும்பாடு என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. கடலூரிலிருந்து பாண்டி 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 4 மீட்டர் கம்போடு எந்த பஸ்ஸும் ஏற்றாது. "யோவ், இது என்ன பந்தக்காலா" என்பார் கண்டக்டர். மீன் வண்டியில் கட்டிக்கொண்டு போய், கயிறு உரசிய இடத்தில் கீறல் விழுந்து, அந்தக் கீறலிலேயே ஒரு கம்பு பிறகு உடைந்தது. ஒரு வருஷம் ஏதோ விழாவுக்கு மேடை போட எங்கள் மேட்டை மழையில் இழுத்துப் போட்டார்கள். ஸ்பாஞ்ச் மூன்று மாதம் நாறியது. கேட்டதற்கு, "எகிறிக் குதிக்கிறதுதானே, மணல்ல குதிங்க" என்றார் ஒருவர். தாண்டுகிறவனுக்கும் குதிக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில்தான் ஸ்டோர் ரூம் சாவி இருந்தது.

145-இல்தான் 3.70 வந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. பழைய படம் இன்னும் டிவிக்கு மேலேதான் இருக்கிறது. அது எடுத்த அரை நொடியில் பார் விழுந்துவிட்டது என்று அம்மாவுக்கு இதுவரை நான் சொல்லவில்லை.