வாத்தியாரைக் கேளுங்கள்: கியூரியும் பெக்கரலும்

(பதில்: பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

கேள்வி: என் வீட்டுக்கார அம்மாவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். மருத்துவர் சொன்னது 15 மில்லிகியூரி. சீட்டில் 555 மெகாபெக்கரல் என்று இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: இல்லை அண்ணாச்சி. 15-ஐ 37-ஆல் பெருக்கிப் பாருங்கள், 555 வரும். நெல்லைக் கோட்டைக் கணக்கில் சொன்னாலும் கிலோவில் சொன்னாலும் குலுக்கைக்குள் இருப்பது அதே நெல்தானே.

இரண்டும் கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். நொடிக்கு 3,700 கோடி அணுக்கள் சிதைந்தால் ஒரு கியூரி. பழைய அலகான கியூரி மலையளவு, புதிய அலகான பெக்கரல் கடுகளவு. அதனால் நடைமுறையில் பழையதை மில்லி, மைக்ரோ என்று நறுக்குகிறோம், புதியதைக் கிலோ, மெகா என்று கட்டுகிறோம். 37 மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். மில்லிகியூரியை 37-ஆல் பெருக்கினால் மெகாபெக்கரல். மைக்ரோகியூரியைப் பெருக்கினால் கிலோபெக்கரல். நானோகியூரியைப் பெருக்கினால் வெறும் பெக்கரல். திரும்பி வர 27: ஒரு கிகாபெக்கரல் ஏறக்குறைய 27 மில்லிகியூரி. 37-ஐ 27-ஆல் பெருக்கினால் 999 என்பதால் இந்தக் கணக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிசகும். கையால் கணக்குப் போட அது போதும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அலகைவிடத் தேதியைத்தான் முதலில் தேடுவேன். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். திங்கட்கிழமை காலையில் 555 மெகாபெக்கரலாக இருந்த மருந்து, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் 277 சொச்சம்தான். ஒரே நாளில் எட்டு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. எப்போது அளந்தது என்று சொல்லாத அளவு அரைகுறை அளவுதான். அப்புறம் எழுத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் சின்ன ‘எம்’ மில்லி, பெரிய ‘எம்’ மெகா. ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் 100 கோடி மடங்கு வித்தியாசம். தட்டச்சு செய்கிறவர்கள் இதில் காட்டும் அலட்சியம் எனக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: பத்து, நூறு என்று வைக்காமல் ஒரு கியூரிக்கு 3,700 கோடி என்று ஏன் வைத்தார்கள்? (பிளஸ் டூ மாணவன், வள்ளியூர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. 1910-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் கியூரி என்ற அலகை வைத்தபோது, ஒரு கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும், அதிலிருந்தே பிறக்கும் ரேடான் வாயுவின் அளவு என்றுதான் வரையறுத்தார்கள். கையில் இருந்த பொருளை வைத்துப் பிறந்த அலகு அது. ஒரு கிராம் ரேடியத்தில் நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்று எண்ணியபோது 3,700 கோடியை ஒட்டி வந்தது. அளக்க அளக்க எண் கொஞ்சம் நகர்ந்தது, இன்றைய கணக்கில் 3,660 கோடி. அலகு ரேடியத்தின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க முடியுமா? 3,700 கோடி என்று ஆணி அடித்துவிட்டார்கள். 1975-இல் வந்த பெக்கரலுக்குப் பொருளே வேண்டாம், கடிகாரம் போதும்.

ரேடியம் எவ்வளவு வீரியம் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே ஓர் ஒப்பீடு உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. பிரித்தெடுத்த தோரியம்-232 ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4,000 பெக்கரல்தான். தோரியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 1,400 கோடி ஆண்டு, ரேடியத்துக்கோ 1,600 ஆண்டு. மெதுவாகச் சிதைவது நெடுங்காலம் இருக்கும்.

கேள்வி: ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து கடலில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 1,500 பெக்கரல் வரை டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) இருக்கலாமாமே! கூடங்குளம் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே பயம். (வாசகி, உவரி)

பதில்: அம்மா, 1,500-ஐ 37-ஆல் வகுத்தால் சுமார் 40 நானோகியூரி. அதாவது 0.04 மைக்ரோகியூரி. பழைய அலகில் எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுபது கிலோ ஆள் ஒருவரின் உடம்பில் இயற்கையான பொட்டாசியத்தால் மட்டும் 4,000 பெக்கரல் அளவுக்கு இருக்கிறது. டிரிடியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல்.

இதை வைத்து, தண்ணீரைக் கடலில் விட்டது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது தனி வழக்கு. எத்தனை சிதைவு என்பதைத்தான் பெக்கரல் சொல்லும், எவ்வளவு கெடுதல் என்று சொல்லாது. டிரிடியத்தின் பீட்டா கதிர் தோலையே தாண்டாது, ஆனால் ஆல்பா கதிர் வீசும் ரேடியம் உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணைப் படிக்கும்போது எந்தத் தனிமம், எவ்வளவு தண்ணீரில் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ரெம்மையும் 37-ஆல் பெருக்கலாமா? (கல்லூரி மாணவி, மேலப்பாளையம்)

பதில்: வேண்டாம்மா! ரெம் உடம்பு வாங்கிய பாதிப்பின் அளவு, ராட் உடம்பில் சேர்ந்த கதிர் ஆற்றலின் அளவு; இரண்டும் சிதைவை எண்ணுவதில்லை. புதிய அலகில் 100 ரெம் ஒரு சீவர்ட், 100 ராட் ஒரு கிரே. பழைய புத்தகத்தில் ‘ரூதர்ஃபோர்டு’ என்று ஓர் அலகைப் பார்த்தால் அது மட்டும் சிதைவுக் கணக்கு. ஒரு ரூதர்ஃபோர்டு பத்து லட்சம் பெக்கரல், அதாவது சரியாக ஒரு மெகாபெக்கரல். அங்கேயும் 37-க்கு வேலை இல்லை.